முதலில் நாற்காலி போடுங்கள்

கோயம்புத்தூரில் புதிதாகத் திறந்திருக்கும் ஆடம்பரமான ஸ்பா ஒன்றுக்கு, தெரிந்தவர் ஒருவர் மிகுந்த பிரியத்தோடு அழைத்ததன்பேரில், சென்ற வாரம் போயிருந்தேன். வாசலில் கருங்கல் தொட்டியில் தாமரை, உள்ளே நுழைந்ததும் சுவரோடு வழிந்திறங்கும் நீர்வீழ்ச்சி, பளபளக்கும் சலவைக்கல் தரை, எலுமிச்சைப்புல் தைலத்தின் வாசனை, காதை உறுத்தாத புல்லாங்குழல் என்று எல்லாமே சிரத்தையோடு அமைந்திருப்பதைக் கண்டு மனம் மகிழ்ந்துகொண்டே வந்தவள், கை கழுவும் இடத்தைத் தேடிப் பின்புறக் கதவைத் திறந்தபோது, மாடிப்படியின் திருப்பத்தில், எண்ணெய்த் துணி மூட்டைகளுக்கு நடுவே, மடியில் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டு மூன்று பெண்கள் அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அந்தப் பெண்கள்தாம் அங்கே எண்ணெய் தேய்த்து, உடம்பு பிடித்துவிடுகிற தெரபிஸ்டுகள். நீர்வீழ்ச்சிக்கு இடம் ஒதுக்கிய அந்தக் கட்டடத்தில் அவர்கள் உட்கார ஒரு நாற்காலி இல்லை.

கோபம் வந்தது. இன்னும் தணியவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

இந்த ஊரில் சிறியதாக ஓர் எண்ணெய்ச் சிகிச்சை இல்லத்தைப் பல வருஷங்களாக நடத்தி வருகிறவள் என்பதால், ஸ்பா தொடங்க ஆசைப்படும் நண்பர்கள் பலர் என்னிடம் யோசனை கேட்டு எழுதுகிறார்கள். எவ்வளவு முதல் வேண்டும், எந்த மெஷின் வாங்கலாம், நீராவிப் பெட்டி மரத்தில் நல்லதா ஃபைபரில் நல்லதா, பெயர் வடமொழியில் வைப்பதா தமிழில் வைப்பதா என்றெல்லாம் கேட்கிறார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால், வேலை செய்கிற பெண்ணும் பையனும் எங்கே சாப்பிடுவார்கள், ஒரு நாளில் எத்தனை பேருக்குத் தேய்க்கச் சொல்லலாம், அவர்கள் கட்டைவிரல் எத்தனை வருஷம் தாங்கும் என்று யாரும் கேட்பதில்லை. இந்தத் தொழிலில் முதல் என்பதே அந்தக் கைகள்தாம் என்பது என் திடமான அபிப்பிராயம். மற்றதெல்லாம் வாடகைக் கட்டடமும் விளக்கு வெளிச்சமுந்தான்.

கொஞ்சம் பழைய கதைக்குப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடம்புக்கு எண்ணெய் தேய்ப்பது நமக்கு யாரும் கற்றுக்கொடுத்துத் தெரிய வேண்டிய விஷயமல்ல. சனிக்கிழமை ஆண்களுக்கு, செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு என்று கிழமை வகுத்து எண்ணெய் ஸ்நானம் செய்த வீடுகளில் பிறந்தவர்கள் நாம். பிள்ளை பெற்றவளுக்கும் பிறந்த பிள்ளைக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட ஓர் அனுபவசாலிப் பாட்டி தெருவுக்கு ஒருத்தியாவது இருந்தாள். சித்த வைத்தியமோ இதை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்து, தொக்கணம் என்ற பெயரில், தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் என்று ஒன்பது வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. குற்றாலத்தில் சாரல் காலத்தில் அருவிக்குப் போகும் வழியெல்லாம் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பவர்களின் கைவன்மையை அனுபவித்தவர்களுக்கு, இந்தக் கலை எவ்வளவு ஆழமாக இந்த மண்ணில் வேர்விட்டிருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு இருந்தும், அந்தக் கைகளுக்கு நாம் என்ன மரியாதை செய்தோம்? ஊருக்கெல்லாம் வைத்தியமும் சவரமும் பிரசவமும் பார்த்த குலத்தினரையே தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கி வைத்தோம். அவர்களிடமிருந்த வித்தை, எழுதி வைக்கப்படாமலும் பள்ளிக்கூடம் ஏறாமலும், தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்துபோயிற்று. இன்று அதே வேலையை வேறு பெயரில், வேறு ஊர்ப் பெண்களை அழைத்துவந்து, குளிர்சாதன அறைக்குள் நடத்துகிறோம். பழைய அலட்சியம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

பக்கத்திலிருக்கும் கேரளத்தைப் பாருங்கள். 1902-ல் கோட்டக்கல்லில் பி.எஸ். வாரியர் ஆரிய வைத்தியசாலையைத் தொடங்கியபோது அது ஒரு சிறு மருந்துசாலைதான். 1943-ல் நம் கோயம்புத்தூரிலேயே பி.வி. ராம வாரியர் ஆரிய வைத்திய பார்மஸியை நிறுவினார். பிழிச்சில், ஞவரக்கிழி, எண்ணெயை இடைவிடாமல் ஊற்றும் தாரை முதலிய சிகிச்சைகளை வைத்தியரின் மேற்பார்வையில், தேர்ந்த ஆட்களைக் கொண்டு, கிரமமாகச் செய்யும் ஒழுங்கை இத்தகைய ஸ்தாபனங்கள் வளர்த்துக் காட்டியதனால்தான், பிற்காலத்தில் கேரள சுற்றுலாத் துறை ‘கிரீன் லீஃப்’, ‘ஆலிவ் லீஃப்’ என்று ஆயுர்வேத நிலையங்களுக்குத் தரச்சான்று கொடுக்கவும், உலகத்தின் மறுகோடியிலிருந்து ஜனங்கள் அங்கே வந்து இறங்கவும் முடிந்தது.

தாய்லாந்தின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. பாங்காக்கில் இருக்கும் வாட் போ ஆலயத்தில், மூன்றாம் ராமா மன்னர் காலத்தில், உடம்பில் எந்த இடத்தை எதற்காக அழுத்த வேண்டும் என்பதைக் கற்பலகைகளில் படத்தோடு பொறித்து எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்கள். 1955-ல் அதே ஆலயத்தில் மருத்துவப் பள்ளி ஏற்பட்டது. 2019-ல் யுனெஸ்கோ ‘நுவாட் தாய்’ என்னும் அந்த மர்த்தனக் கலையை மானுட குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. (ஜப்பானில் இந்த வேலையைக் கூலிக்குச் செய்ய வேண்டுமானால் தேசிய அளவில் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியாக வேண்டும். கண்பார்வை இல்லாதவர்கள் அங்கே பல நூற்றாண்டுகளாக இந்தத் தொழிலில் கௌரவமாகப் பிழைத்து வந்திருக்கிறார்கள்.) வித்தை தெரிந்தவரை வித்வானாக நடத்திய இடங்களில் இந்தத் தொழில் செழித்தது. நம்மிடம் அது சந்தேகத்துக்கு உரியதாயிற்று.

அந்தச் சந்தேகத்தைப் பற்றியும் ஒளிவு மறைவு இல்லாமல் பேசிவிடுவோம்.

எண்ணெய்ச் சிகிச்சை இல்லம் நடத்த இடம் கேட்டுப் போனால், வீட்டுக்காரர் முகம் மாறுகிறது. அக்கம்பக்கத்தார் கதவிடுக்கால் பார்க்கிறார்கள். வேலைக்கு வரும் பெண்கள் ஊரில், ஆஸ்பத்திரியில் வேலை என்று சொல்லிக்கொள்கிறார்கள். இந்தப் பெயரில் தகாத காரியங்கள் செய்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தண்டிக்க 1956-ஆம் வருஷத்து விபசாரத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால், அதற்காக ஒரு தொழிலையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என்ன தர்மம்? 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில், தமிழ்நாட்டு ஸ்பாக்கள் எல்லாவற்றிலும் கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டுமென்று ஓர் உத்தரவு பிறந்தது. அடுத்த மாதமே, 2022 ஜனவரியில், மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அத்தகைய இடத்துக்குள் கேமரா வைப்பது மனிதரின் அந்தரங்க உரிமையில் குறுக்கிடுவதாகும், வெறும் சந்தேகம் அதற்குப் போதிய காரணமாகாது என்று தீர்ப்பளித்தார். அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் சொன்னதையும் அவர் எடுத்துக்காட்டினார். அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று நான் அடைந்த ஆறுதல் கொஞ்சமல்ல.

என் இல்லத்தில் வாசலிலும் வரவேற்பறையிலும் கேமரா உண்டு. சிகிச்சை அறைகளில் இல்லை, இருக்கப்போவதும் இல்லை. பெண்களுக்குப் பெண்கள், ஆண்களுக்கு ஆண்கள் என்ற கேரளத்து வழக்கத்தை முதல் நாளிலிருந்து கடைப்பிடிக்கிறேன். மாநகராட்சி லைசென்ஸைச் சட்டம் போட்டு எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்கிறேன். பதிவு பெற்ற ஆயுர்வேத வைத்தியர் நோய்க்கென்று சிகிச்சை தருவதனால், 1997-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவும் செய்திருக்கிறேன். இவையெல்லாம் சேர்ந்து செய்ததைவிட, காலையில் வேலைக்கு வரும் பெண்கள் தலைநிமிர்ந்து முன்வாசல் வழியாக வருவதைப் பார்த்ததுதான் எங்கள் தெருவின் அபிப்பிராயத்தை மாற்றிற்று.

இனி, கைகள்.

நாங்கள் தொடங்கிய புதிதில் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த மூத்த தெரபிஸ்ட் ஒருவர் (எல்லோருக்கும் அவர் சேச்சிதான்) வந்த அன்றே மசாஜ் மேஜையின் பக்கத்தில் கைகளைத் தொங்கவிட்டு நின்று பார்த்துவிட்டு, “இது ஒயரம் கூடுதல் அம்மா. இன்னைக்கு ஒண்ணும் தெரியாது. நாலு வருஷம் கழிச்சுத் தோளுக்குத் தெரியும்” என்றார். நின்றபடி கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால், மேஜை அந்த முஷ்டி அளவுக்கு வர வேண்டுமாம். அதைவிட உயர்ந்தால் தோளால் தள்ள வேண்டிவரும். தாழ்ந்தால் இடுப்பு போய்விடும். ஆளுக்கு ஆள் உயரம் வேறுபடும் என்பதனால், உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மேஜைகளாகவே மாற்றினோம். விலை அதிகந்தான். நீர்வீழ்ச்சி வைக்கிற பணத்தில் நான்கு மேஜை வாங்கலாம்.

கட்டைவிரலின் அடிமூட்டு இந்தத் தொழிலில் முதலில் தேய்கிற இடம். விவேகமுள்ள ஆசிரியர்கள், விரலால் மட்டும் அழுத்தாமல் முன்கையையும் முழங்கையையும் உடம்பின் பாரத்தையும் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கிறார்கள். கேரளத்துச் சவிட்டி உழிச்சலில் ஆசான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதத்தால் உழிவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பின்னாலும் இந்த ஞானம் இருக்கிறது. அப்படியும், ஒரு மணி நேரச் சிகிச்சைகள் நாளொன்றுக்கு ஐந்துக்கு மேல் ஒருவருக்குக் கொடுப்பதில்லை என்று விதி வைத்திருக்கிறேன். இரண்டு சிகிச்சைகளுக்கு நடுவே இளைப்பாறக் கால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இந்த விதியைக் காப்பாற்றுவது கஷ்டம். பணம் தருகிறேன், இன்னும் ஒருவருக்கு மட்டும் என்று கெஞ்சுகிறவர்களிடம் முடியாது என்று சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. களைத்த கை தேய்த்தால் அது வைத்தியமாகாது. வெறும் எண்ணெய்ச் செலவு.

உட்காரும் விஷயத்துக்கு வருகிறேன்.

கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார ஆசனம் போட வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தியது. கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. துணிக்கடைகளில் நாள் முழுவதும் கால்கடுக்க நின்ற பெண்களின் போராட்டத்தில் பிறந்த உரிமை அது. கால்வலி தீர்ப்பதையே வியாபாரமாகக் கொண்ட நாம் அந்தச் சட்டத்துக்கு முதல் ஆளாகக் கீழ்ப்படிய வேண்டாமா? பணியாளர்களுக்கென்று ஜன்னல் உள்ள ஓர் அறை, சாப்பிட ஒரு மேஜை, காலை நீட்டிப் படுக்க இரண்டு கட்டில், தனியான கழிப்பறை, பூட்டு உள்ள அலமாரி: கட்டடப் படம் போடும்போது இவற்றை முதலில் போடுங்கள், பிறகு வரவேற்பறைக்கு வாருங்கள். மணிப்பூர், மிசோரம், நாகாலாந்திலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வரும் பெண்களுக்குத் தங்கும் இடத்தையும், அவர்கள் ருசிக்கேற்பச் சமைத்துக்கொள்ளும் வசதியையும் மறக்காதீர்கள். ஆதார் அட்டையை வாங்கிப் பூட்டி வைக்கும் முதலாளிகள் இருப்பதாகக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. வாடிக்கையாளர் தரும் இனாம் தேய்த்துவிட்டவர் கைக்கே போக வேண்டும். அதில் பங்கு கேட்பது பாவம்.

ஆட்கள் பத்துப் பேர் ஆகிவிட்டாலே ஈ.எஸ்.ஐ. பொருந்தும், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உட்குழுவும் அமைக்க வேண்டும். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், வரம்பு மீறிப் பேசும் வாடிக்கையாளரை அந்த நிமிஷமே வெளியே அனுப்பும் அதிகாரம் தெரபிஸ்டுக்கு உண்டு என்பதை எழுதியே கொடுத்துவிடுங்கள். அந்தக் காகிதம் அவர்களுக்குத் தரும் தைரியம் அளவிட முடியாதது.

எண்ணெயைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். நண்பர்கள் மிகுதியாகத் திணறுவது இங்கேதான்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஏ.சி.யை 22-ல் வைத்துவிட்டுக் கிண்ணத்தில் கட்டியாய் நிற்கும் எண்ணெயைப் பார்த்து விழிக்க வேண்டாம். எண்ணெய் சூடாக்க நீர்த்தொட்டி அடுப்பு ஒன்று அறைக்கு அறை வேண்டும். நல்லெண்ணெய் அப்படி உறையாது. ஆனால் அதற்கு வேறொரு குணம் உண்டு. நல்லெண்ணெய் ஊறிய துண்டுகளைச் சரியாகத் துவைக்காமல் டிரையரில் காயவைத்து, சூட்டோடு சூடாக மடித்து அடுக்கினால், துணியில் மிஞ்சிய எண்ணெய் காற்றோடு சேர்ந்து வெப்பத்தை வெளியிட்டு, அந்த வெப்பம் அடுக்குக்குள் சிறைப்பட்டு, நள்ளிரவில் ஆளில்லாத நேரத்தில் தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். கட்டுக்கதை என்று நினைக்காதீர்கள். சலவைத் தொழில் செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கொதிநீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்த பிறகே துவைப்பது, துண்டுகளைப் பரப்பி ஆறவிடுவது, பழைய எண்ணெய் வாடை போகாத துண்டை இரக்கமில்லாமல் கழித்துவிடுவது என்று எங்களுக்குக் கட்டுப்பாடு. பாசிப்பயற்று மாவும் எண்ணெயும் சேர்ந்தால் கழிவுநீர்க் குழாய் சிமெண்ட் வைத்தாற்போல் அடைத்துக்கொள்ளும். எண்ணெய் பிடிக்கும் தொட்டி கட்டாமல் ஒரு குளியலறையும் கட்டாதீர்கள்.

தாரை வார்த்த எண்ணெயை வடிகட்டி இன்னொருவருக்கு ஊற்றுகிற கெட்ட வழக்கம் சில இடங்களில் நடக்கிறது. தாரைக்கு எண்ணெய் நிறையச் செலவாகும் என்பது உண்மை. ஒருவருக்கான எண்ணெய் அவருக்கு மட்டும். அந்தச் செலவைச் சேர்த்தே கட்டணம் வையுங்கள். தன்வந்தரம், க்ஷீரபலா, பிண்ட தைலம் போன்றவற்றை லைசென்ஸ் உள்ள தயாரிப்பாளரிடமே வாங்குங்கள். மருந்துத் தைலத்தைக் காய்ச்சி விற்பதற்கு 1940-ஆம் வருஷத்து மருந்துச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும்.

வருகிறவர் எல்லோருக்கும் எண்ணெய் தேய்த்துவிடவும் கூடாது. காய்ச்சல் உள்ளவர், சாப்பிட்டவுடன் வருகிறவர், அண்மையில் ஆபரேஷன் ஆனவர், கர்ப்பிணிகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் ஆகியோரை வைத்தியர் பார்த்துச் சொல்லாமல் தொடுவதில்லை. ஒற்றைக் கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் நான் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன். காலின் இரத்த நாளத்தில் இரத்தம் உறைந்திருந்தால், அழுத்தித் தேய்ப்பது அந்தக் கட்டியை நகர்த்தி நுரையீரலுக்குக் கொண்டுபோய் உயிருக்கே ஆபத்தை உண்டாக்கலாம். இதை முதலில் கவனிக்கிறவர் பெரும்பாலும் தெரபிஸ்டுதான். படித்த, பேசத் தைரியமுள்ள, களைப்பில்லாத தெரபிஸ்ட் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன காரணம் சொல்ல?

பணக்கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்து முறைக்கு முன்பணம் கட்டினால் சலுகை என்று பேக்கேஜ் விற்று வரும் தொகை லாபமல்ல, கடன். அதை எடுத்து அலங்காரம் செய்துவிட்டுப் பின்னால் சம்பளம் போட முடியாமல் மூடிய இடங்கள் பல. 2025 செப்டம்பர் 22 முதல் அழகு, உடல்நலச் சேவைகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது மகிழ்ச்சியான சங்கதி. ஆனால் வாடகைக்கும் மெஷின்களுக்கும் நாம் கட்டும் வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை அதில் கிடையாது. ஆகையால், விலை உயர்ந்த மெஷின் வாங்குவது இப்போது முன்னைவிடக் கனமான செலவு. மனிதக் கைக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. (வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவே அவசியமில்லை. பதிவு பெற்ற வைத்தியர் நோய்க்குத் தரும் சிகிச்சைக்கு வரி விலக்கு உண்டு. இரண்டையும் ஆடிட்டரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.)

இந்தத் தொழிலில் இறங்க விரும்பும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், ஒழுங்காக நடக்கும் ஒரு சிகிச்சை இல்லத்தில் சில மாதங்களாவது வேலைக்குச் சேருங்கள். எண்ணெய் காய்ச்சுங்கள், துண்டு துவையுங்கள், முடிந்தால் முறையாகத் தொக்கணம் கற்று நான்கு பேருக்குத் தேய்த்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், கட்டடப் படத்தை எனக்கு அனுப்புங்கள். பணியாளர் அறை எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.